மூச்சை மீட்ட பொறியறிஞர்

செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கு நோக்கிப் பதுளைக்குச் செல்லும் வீதியை மட்டக்களப்பார் நன்கறிவர். நெல் மூடை ஏற்றிய லொறி கரடியனாற்றைக் கடந்து செல்லும்வரை ஒரே சீராக ஓடும். மலை தொடங்கியதும் அதன் குரல் மாறும். சாரதி கியரைத் தாழ்த்துவார். வண்டி முக்கி முனகி ஏறும். பாரம் சுமந்து ஏற்றம் ஏறும் எதற்கும் களைப்பு உண்டு என்பது வெளிப்படை. ஆயினும் அக்களைப்பிற்குக் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு காரணமும் உண்டு. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகின்றது. கடல்மட்டத்தில் வாழும் நம்மைச் சூழ்ந்த காற்றோடு ஒப்பிட, 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அங்கே ஓடிப் பார்க்கும் மனிதனுக்கு விரைவில் மூச்சு வாங்கும். இயந்திரத்துக்கும் அவ்வாறே.

எரிபொருளே வண்டியை ஓட்டுகின்றது என்று நாம் பேசுகின்றோம். உண்மையில் எரிபொருளினும் பன்மடங்கு மிகுதியாக இயந்திரம் உண்பது காற்றையே. ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். பெற்றோலை வேண்டிய மட்டும் ஊற்றலாம். காற்றை அவ்வாறு ஊற்ற இயலாது. சிலிண்டர் என்னும் உருளையினுள் பிஸ்டன் கீழிறங்கும்போது எவ்வளவு காற்று தானாக உள்ளே புகுமோ அவ்வளவே கிடைக்கும். காற்றைக் கூட்டாமல் எரிபொருளை மட்டும் கூட்டினால் கரும்புகையே மிஞ்சும். விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதுகுழல் பிடித்த எவருக்கும் இவ்வுண்மை தெரியும். நம் கொல்லர்கள் இதனை அறிந்தே பண்டைக் காலந்தொட்டு உலைக்குத் துருத்தி வைத்தனர். சங்கச் செய்யுள்களிலேயே அத்துருத்தி உவமையாக நின்று பெருமூச்சு விடுகின்றது.

இயந்திரத்துக்கும் ஒரு துருத்தி வைக்கலாம் என்று நினைத்தவர் பலர். அத்துருத்தியை இயக்க ஆள் வேண்டாம், புறவலிமையும் வேண்டாம், இயந்திரம் வேண்டாமென்று வெளியே தள்ளும் புகையே அதனை இயக்கும் என்று கண்டு, அக்காட்சியைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் ஒருவர். அவர் சுவிற்சர்லாந்து நாட்டு அல்பிரட் பூக்கி. இன்று பஸ்களின் பின்புறத்திலும் லொறிகளின் முகப்பிலும் ‘டர்போ’ என்று எழுதியிருக்கக் காண்கின்றோமே, அச்சொல்லின் பின்னே நிற்பவர் இவரே.

அவர் பெயரை எழுதுவதில் தமிழனுக்கு ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. நடுவில் வரும் மெய்யொலி நம் ஆய்தத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் ஆய்தம் குறிலை அடுத்தே வரும் என்பது இலக்கண விதி. அவர் பெயரிலோ முன்னிற்பது நெடில். ஆதலின் பூக்கி என்றே எழுதி அமைகின்றேன்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். இவ்வாவிக் கரையில் அவ்வினாவிற்கு விடை கூற வேண்டிய கட்டாயம் இல்லை. காரைதீவிலே தோன்றிய விபுலானந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். அவரே இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணக்கிட்டே முன்னேறுகின்றது. கலையும் கணக்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசலாம் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா.

பூக்கி 1879 ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 11 ஆம் நாள் விண்டர்தூர் நகரில் பிறந்தார். சூரிச் நகருக்கு வடகிழக்கே உள்ள அந்த ஊர் பொறித்தொழிலால் பெயர் பெற்றது. சுல்சர் சகோதரர் நிறுவனம் அங்கேதான் இருந்தது. பூக்கியின் தந்தையார் அந்நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவர். அதே 1879 ஆம் ஆண்டில், காய்ச்சலால் தேர்வைத் தவறவிட்ட மாணவர் ஒருவர் அதே சுல்சர் தொழிற்சாலையில் கைப்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ருடோல்ப் டீசல். பின்னாளில் தம் பெயரையே ஓர் இயந்திரத்துக்கும் ஓர் எண்ணெய்க்கும் விட்டுச் சென்றவர். டீசல் பயின்ற ஊரிலேயே, அவ்வாண்டிலேயே, டீசலின் இயந்திரத்துக்கு நிறைமூச்சு அளிக்கப் போகும் குழந்தையும் பிறந்தது. விதி என்பார் சிலர். தற்செயல் என்பதே என் துணிபு. எனினும் நினைந்து மகிழத்தக்க தற்செயல்.

சூரிச்சில் உள்ள கூட்டாட்சிப் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1903 இல் பொறியியற் பட்டம் பெற்ற பூக்கி, தாய்நாட்டை விட்டுப் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். பெல்ஜியத்துக் கென்ட் நகரில் கரெல்ஸ் சகோதரர் தொழிற்சாலையில் பணியாற்றிய காலத்தில்தான் அவர் உள்ளத்தை ஒரு கேள்வி பற்றியது. இயந்திரத்துக்கு இடும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகின்றது. பெரும்பங்கு ஒன்று புகையோடு புகையாய் ஆகாயத்திற் கலந்து வீணாகின்றது. உலகம் அந்த நட்டத்தை இயல்பென்று ஏற்றுக்கொண்டிருந்தது. பூக்கிக்கு அஃது இயல்பாகப் படவில்லை.

1905 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் அவர் ஜேர்மனியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் அது 204630 என்னும் எண்ணைப் பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 26. காற்றை அமுக்கும் பொறி, பிஸ்டன் இயந்திரம், புகையின் விசையாற் சுழலும் சுழலி ஆகிய மூன்றும் ஒரே தண்டிற் கோத்தவாறு இருந்தன அந்த வரைபடத்தில். சுழலி என்பதையே மேனாட்டார் டர்பைன் என்பர். புகை சுழலியைச் சுழற்றும். சுழலி அமுக்கியைச் சுழற்றும். அமுக்கி காற்றைத் திணிக்கும். திணித்த காற்றால் மிகுந்த எரிபொருள் எரிந்து மிகுந்த புகை வரும். வெளிவிட்ட மூச்சே அடுத்த மூச்சை உள்ளிழுக்கும் இவ்வட்டம் தாளில் மிக அழகாக இருந்தது.

தாளில் அழகாக இருப்பது உலைக்களத்திலும் அவ்வாறே இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. பூக்கி தாயகம் திரும்பி, 1909 ஆம் ஆண்டளவில் சுல்சர் நிறுவனத்தின் டீசல் ஆராய்ச்சிப் பகுதியிற் சேர்ந்தார். 1911 இல் பரிசோதனை இயந்திரம் ஒன்றை ஓட்டத் தொடங்கினார். அங்கே இரண்டு பகைகள் அவரை எதிர்கொண்டன. முதலாவது, வெப்பம். செந்நிறமாகக் கனலும் புகையில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்றும் வளையாத உலோகம் அக்காலத்தில் அரிது. இரண்டாவது, இன்னும் நுட்பமானது. புகையின் பாதையில் ஒரு சுழலியை வைத்தால் அஃது ஓர் அணைபோலப் புகையைத் தடுக்கும். அமுக்கியும் சுழலியும் திறம்பட்டனவாக இல்லாவிடின், உள்ளே தள்ளும் அழுத்தத்தினும் வெளியே தடுக்கும் அழுத்தமே மிகும். அந்நிலையில் துருத்தியால் வரும் ஊதியத்தைத் துருத்தியே தின்றுவிடும்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்து ஜேர்மன் சட்டம் ஒரு காப்புரிமைக்கு வகுத்த ஆயுள் 15 ஆண்டு. பூக்கியின் கருத்து முழுப்பயன் தருவதற்கோ 20 ஆண்டுகள் வேண்டியிருந்தன. இருபத்தாறு வயது இளைஞன் நாட்டிய மரம் அவனுடைய நாற்பத்தாறாம் வயதில்தான் காய்த்தது. இடையில் ஒரு பெரும்போர் ஐரோப்பாவைத் தின்று தீர்த்தது. மரத்தைச் சுற்றியிருந்த வேலியும், அதாவது சட்டம் தந்த உரிமையும், காய்க்குமுன்னரே இற்றுப்போகும் நிலை. இத்தனைக்கும் அவர் வேறு தொழிலுக்குச் செல்லவில்லை, கருத்தையும் கைவிடவில்லை. 1915 இல் குறைகளைத் திருத்தும் புதிய முறையொன்றையே முன்வைத்தார்.

அவர் பாடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் வேறு கைகளும் இக்கருத்தைத் தொட்டன. பிரான்சில் ஓகுஸ்த் ராத்தோ என்பவர் முதலாம் உலகப் போரின்போது வானூர்திகளுக்குப் புகைச்சுழலி பொருத்தினார். அமெரிக்காவில் சான்போர்ட் மாஸ் என்பவர் 1918 இல் பைக்ஸ் பீக் என்னும் மலையுச்சிக்கு ஒரு வானூர்தி இயந்திரத்தைக் கொண்டுசென்றார். அவ்வுச்சி ஏறத்தாழ 4,300 மீற்றர். நம் பிதுருதலாகலையிலும் 1,700 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. கடல்மட்டத்தில் 350 குதிரைவலு காட்டிய அவ்வியந்திரம் மலைமேல் 230 அளவுக்கு இறங்கியது. புகைச்சுழலியைப் பொருத்தியதும் 356 காட்டியது! மெலிந்த காற்றை ஈடுசெய்யலாம் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. அமெரிக்கர் மாஸ் அவர்களையே முதல்வராகக் கொண்டாடுவதுண்டு. அவர் பெருமை பெரிதே. ஆயினும் பூக்கியின் விண்ணப்பம் அதற்குப் 13 ஆண்டு முந்தியது என்பதை மறத்தல் முறையன்று.

திருப்புமுனை 1920களின் நடுவில் வந்தது. 1924 இல் பாடன் நகரத்துப் பிரௌன் பொவேரி நிறுவனம் கனரக இயந்திரத்துக்கான தன் முதலாவது புகைச்சுழலித் துருத்தியைக் கட்டி வெளியிட்டது. 1925 இல் பூக்கி பெற்ற புதிய காப்புரிமையே அவருடைய உண்மையான வெற்றி என்பேன். 1905 ஆம் ஆண்டின் வரைபடம் ஒரு கனவு; இது கைத்திறன்.

அதிலுள்ள நுட்பம் இரண்டு. பல உருளைகளின் புகையும் ஒரே குழாயிற் கொட்டினால் ஒன்றன் மூச்சு மற்றொன்றன் மூச்சை முட்டும். தோணி வலிப்போர் ஒருவர் துடுப்பை மற்றொருவர் துடுப்புத் தட்டாதவாறு முறைவைத்து வலிப்பதுபோல, உருளைகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்துத் தனித்தனிக் குழாய் வைத்தார் பூக்கி. ஒவ்வொரு மூச்சின் துடிப்பும் சிதையாமல் சுழலியைச் சென்று தாக்கியது. இரண்டாவது, காற்று புகும் வாயிலும் புகை போகும் வாயிலும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்குமாறு அமைத்தார். வீட்டின் முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தால் கச்சான் காற்று ஊடறுத்துச் சென்று உள்ளிருக்கும் புழுக்கத்தை ஓட்டுமன்றோ? அதுபோலப் புதுக்காற்று உருளையினுள் எஞ்சிய புகையைக் கூட்டித் தள்ளி, உட்சுவரையும் குளிர்வித்தது. இம்முறை பூக்கி முறை என்றே பெயர் பெற்றது.

1926 இல் ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. பொறியியற் பொறுப்பு பூக்கியினுடையது. துருத்திகளைக் கட்டுவது பிரௌன் பொவேரி. சோதனைக்கு டீசல் இயந்திரங்களைத் தருவது விண்டர்தூரிலிருந்த சுவிஸ் புகைவண்டி இயந்திரத் தொழிற்சாலை. தம் தந்தையார் வளர்ந்த சுல்சர் நிறுவனத்தை விட்டு அதே ஊரின் மற்றொரு தொழிற்சாலைக்குச் செல்வது எளிதான முடிவாக இருந்திராது. சிறிய ஊர்களின் இயல்பை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டில் ‘புரோய்சென்’, ‘ஹான்செஸ்டாட் டான்சிக்’ என்னும் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்கள் பால்டிக் கடலில் இறங்கின. அவற்றின் பத்து உருளை டீசல் இயந்திரங்கள் பூக்கியின் துருத்தியால் 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500 குதிரைவலுவுக்கு உயர்ந்தன. இயந்திரத்தின் பருமன் பெருகவில்லை, உருளைகள் கூடவில்லை, மூச்சு மட்டுமே நிறைந்தது. அவ்விரு கப்பல்களும் 1941 யூலையில், சுவீடனுக்குச் சொந்தமான கடற்கண்ணிகளில் மோதி ஒரே நாளில் மூழ்கின. அவை காட்டிய வழி மூழ்கவில்லை, பெருங்கப்பல்கள் பின்தொடர்ந்தன. 1938 இல் சுவிற்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் லொறிக்கும் இத்துருத்தியைப் பொருத்தியது. மலைநாட்டில் பிறந்த கருத்து மலைவீதிக்கே வந்து சேர்ந்தது.

நம் நாட்டுக்கும் அது வந்தது. கனடாவின் மொன்றியல் நகரத் தொழிற்சாலை 1975 இல் இலங்கைப் புகையிரதப் பகுதிக்குக் கட்டியனுப்பிய எம் 4 வகை டீசல் இயந்திரங்கள் புகைச்சுழலி பூண்டவை. 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலையைத் தாண்டிப் பதுளை நோக்கிப் பெட்டிகளை இழுத்த அவ்வியந்திரங்களின் சீழ்க்கையொலியைக் கூர்ந்து கேட்டவர், பூக்கியின் சுழலி சுழல்வதையே கேட்டவராவர்.

பூக்கி 1959 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் நாள், பிறந்த ஊராகிய விண்டர்தூரிலேயே, 80 வயது நிறைந்து காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1962 இல், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவ்ரோலே கோர்வேர் ஆகிய கார்கள் புகைச்சுழலியோடு விற்பனைக்கு வந்தன. கார்களில் அவருடைய கருத்து ஆண்ட காலத்தை அவர் காணவில்லை. அங்கே எழுந்த புதிய சிக்கலையும் காணவில்லை.

அச்சிக்கல் யாதெனின், கப்பல் ஒரே சீரான பாரத்தோடு நாட்கணக்கில் ஓடுவது. காரோ நிமிடத்துக்கு நிமிடம் நிலை மாறுவது. சந்தியில் நிற்கும், பாலத்தில் ஊரும், வெளியில் விரையும், மலையில் முக்கும். காலால் அழுத்தியதும் சுழலி உடனே வேகங்கொள்வதில்லை. சிறிது சுணக்கம் உண்டு. பின்னர் வலிமை திடீரென்று பொங்கும். மழையில் நனைந்த வீதியில் அவ்வாறு பொங்கினால் சக்கரம் வழுக்கும். அழுத்தம் அளவு மீறினால், எரிபொருள் தன் வேளைக்கு முன்னரே வெடித்து, சம்மட்டியால் அடிப்பதுபோல் பிஸ்டனைத் தாக்கும். ஜெட்பயர் காரில் இவ்வெடிப்பைத் தடுப்பதற்கு நீரும் மெதனோலும் கலந்த திரவம் தனியே ஊற்ற வேண்டியிருந்தது. உரிமையாளர் பலர் அதனை ஊற்ற மறந்தனர். அந்தக் கார் 1963 உடன் நின்றது. துருத்தியைக் கண்டுபிடிப்பதினும் அதற்கு அளவு வைப்பதே அரிது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

இதற்குப் பொறியறிஞர் வைத்த பரிகாரத்தை மட்டக்களப்பு வாசகருக்கு விளக்குதல் எளிது. மார்கழி மழையில் உன்னிச்சைக் குளம் நிரம்பினால் என்ன செய்கின்றோம்? அணைக்கட்டைக் காக்க வான்கதவைத் திறந்து மிகுதி நீரை வெளியே விடுகின்றோம். சுழலிக்கும் அவ்வாறே ஒரு வான்கதவு உண்டு. அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் அது திறந்து, புகையின் ஒரு பகுதியைச் சுழலிக்குச் செல்லவிடாமல் வேறு வழியாகப் போக்கிவிடும். எவ்வளவு அழுத்தத்தில் அக்கதவு திறக்க வேண்டும் என்பதை மாற்றி வைத்தால், இயந்திரத்தின் வலுவும் மாறும். காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப ஊட்டழுத்தத்தை மாற்றுதல் என்பது இதுவே. இதற்கு மேல் மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலில் இதனைத் துணிவோடு பயன்படுத்தியவர்கள் பந்தயச் சாரதிகள். 1973 இல் ஓடிய போர்ஷே 917/30 என்னும் பந்தயக் காரில், சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகி இருந்தது. புறப்படும்போது கூட்டுவர், முன்னணி பெற்றதும் இயந்திரத்தைக் காக்கக் குறைப்பர். 1977 இல் ரெனோ நிறுவனம் முதலாம் தரப் போர்முலாப் பந்தயத்துக்குப் புகைச்சுழலியைக் கொண்டுவந்த பின் இத்திருகி ஒரு போர்க்கருவியாகவே ஆயிற்று. இடம்பிடிக்கும் சுற்றுகளில் முழு அழுத்தம். பந்தயத்தில் எரிபொருள் அளவு கட்டுப்பட்டிருந்ததால் சிக்கன அழுத்தம். 1987 இல் விதிகள் அழுத்தத்துக்கு 4 பார் என்றும் 1988 இல் 2.5 பார் என்றும் எல்லை கட்டின. 1989 இல் புகைச்சுழலி அறவே விலக்கப்பட்டது. 2014 இல் மீண்டும் வந்தது.

சாதாரணச் சாரதியின் கையில் அத்திருகியைக் கொடுத்துவிடுதல் அறிவுடைமை அன்று. ஆசை எவர் கையையும் வலப்பக்கமே திருப்பும். 1982 இல் சுவீடனின் சாப் நிறுவனம் செய்த ஏற்பாடு எனக்குப் பெரிதும் பிடித்தது. இயந்திரத்தின் உடலில் ஒரு செவி பொருத்தினர். உள்ளே முன்வெடிப்பின் ஒலி கேட்ட மாத்திரத்தில் அது வான்கதவைத் திறந்து அழுத்தத்தைத் தணிக்கும். நாடி பார்க்கும் வைத்தியர்போல இயந்திரத்தின் நாடியையும் ஒன்று இடையறாது பார்த்துக்கொண்டிருந்தது. இதன் பயன் நம் நாட்டிலும் தெரியும். எண்ணெய்ச் சாலையில் 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என இருவகைப் பெற்றோல் விற்கின்றனர். முன்வெடிப்பைத் தாங்குந் திறன் 92 இற்குக் குறைவு. உயர்ந்த வகைக்கென அமைந்த காரில் தாழ்ந்ததை ஊற்றினால், அச்செவி அதனை அறிந்து அழுத்தத்தைக் குறைத்து இயந்திரத்தைக் காக்கும். வேகம் சிறிது குறையும், பிஸ்டன் தப்பும். கரையோரத்து ஆடி வெயிலில் காற்றுக் கொதிக்கும்போதும் அது செய்வது அதுவே.

இப்பொழுது கார்களில் சிக்கனம், இயல்பு, விரைவு, ஈரவீதி எனப் பொத்தான்கள் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றை அழுத்தும்போது கணினி பலவற்றை ஒருங்கே மாற்றுகின்றது. பல கார்களில் அவற்றுள் ஒன்று இந்த ஊட்டழுத்தம். ஈரவீதிக்கு அழுத்தம் மெல்ல ஏறும்; விரைவுக்கு உடனே ஏறும். வாங்குவோர் பெரும்பாலும் விரைவுப் பொத்தானைப் பார்த்தே வாங்குகின்றனர். ஆனால் பூக்கி தேடியது விரைவை அன்று. புகையோடு போகும் வெப்பத்தை மீட்டு எரிபொருளைச் சேமிப்பதையே அவர் தேடினார். சிறிய இயந்திரத்தில் பெரிய இயந்திரத்தின் வலுவை வேண்டியபோது மட்டும் பெற்றுக்கொள்ளும் இன்றைய சிக்கனக் கார்கள், பந்தயக் கார்களைக் காட்டிலும் அவருக்கு நெருங்கிய உறவினர்.

1924 இல் முதலாவது துருத்தி வெளிவந்த பாடன் நகரில் அத்தொழில் நின்றுவிடவில்லை. பிரௌன் பொவேரி 1988 இல் சுவீடனின் ஆசியா நிறுவனத்தோடு இணைந்து ஏபிபி ஆயிற்று. அதன் புகைச்சுழலிப் பகுதி 2022 இல் தனியே பிரிந்து அக்செலரோன் என்னும் பெயர் பூண்டது. கப்பல்களுக்கும் மின்னிலையங்களுக்குமான துருத்திகளை அது பாடனிலிருந்தே உலகெங்கும் அனுப்பி வருகின்றது.